மூன்றாவது ஓலை

என் தம்பி சவரிமுத்துவுக்குப் பெண் கொடுக்காதே என்று நான்தான் சொன்னேன். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா என்று குப்பமே கேட்டது. கேட்கட்டும்.

பதின்மூன்று வயதில் கட்டுமரம் ஏறினான். கடல் குளிருக்கு அந்த மரத்துக்காரர்கள் கடுகளவு அபினி போட்டுக்கொள்வார்கள். அவனுக்கும் கொடுத்தார்கள். தம்பி ஆம்பளை ஆகிவிட்டான் என்று நானும் சிரித்தேன், புத்திகெட்டவள். அடுத்த வருஷம் பக்கத்து மரத்துச் சங்கரன் வலையிலிருந்த ஈயக்குண்டுகளை அறுத்து விற்றான். பதினாறில் மயிலாப்பூரில் ஒரு வீட்டுப் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போலீசில் பிரம்படி வாங்கினான். வயசுக் கோளாறு, ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகாமலே அவனுக்கு இருபத்துநாலு வயது ஆனது.

லூர்துமேரி என்னோடு மீன் கூடை சுமப்பவள். அவள் மகளைப் பெண் கேட்டோம். அபினியை விட்டு நாலு மாசம் ஆயிற்று என்று தம்பி மாதா மேல் சத்தியம் செய்தான். நம்பினேன்.

கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார் சாமியார். வேறு பெண்டாட்டி, நெருங்கின உறவு, இவைதான் எங்கள் ஜனங்களுக்குத் தடை. அபினியைத் தடையென்று யார் நினைத்தார்கள்? இரண்டு ஓலை முடிந்ததும், யாரும் வாய் திறக்கவில்லை, மாப்பிள்ளை தங்கம் என்று லூர்துமேரி பூரித்துப் போனாள்.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள் துவைக்க அவன் சட்டையை எடுத்தேன். பையில் இலையில் மடித்த அபினி இருந்தது. கடுகளவு இல்லை, சுண்டைக்காய் அளவு. அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதுதான்.

மறுநாள் மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். வெளியே வந்ததும் லூர்துமேரியின் கையைப் பிடித்தேன்.

"பொண்ண குடுக்காத. அவன் இன்னும் அபினி துன்னுக்கினுதான் கீறான்."

"இத்த பொண்ணு கேக்க வந்தப்பவே சொல்றதுக்கு இன்னா, தேசம்மா?" என்றாள். கலியாணம் நின்றது.

தம்பி என்னோடு பேசவில்லை. ரோஷத்தில் அபினியையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மூக்கு ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காலடியில் சுருண்டான்.

"நீ சொன்னது சரிதான்க்கா," என்றான். "கொஞ்சமா வாங்கியாந்து குடு."

கூடையை இறக்கி வைத்துவிட்டு அபினிக் கடைக்கு நானே போனேன்.