தள்ளிப்போட முடியாத வாடிக்கையாளர்

அப்பாவின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துப் பிடித்து, பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது சீனுவின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

"ரொம்ப இறுக்காதடா," என்றாள் அம்மா அன்னம்மாள்.

"இறுக்கினாதான் நிக்கும். எழுந்து ஓடவா போறாரு?" என்றாள் பக்கத்து வீட்டு சந்திரம்மா. சொன்ன பிறகு தானே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலை ஆறரைக்கு பாத்ரூமுக்குப் போன அப்பா ஏழு மணிக்கு இல்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்து, ஹார்ட் என்று எழுதிக் கொடுத்தார்.

பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டயர் மாற்றியவர். ஆனால் அவர் பயப்படாத பொருள் அவர்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனில் குறைவு. லிஃப்ட், பல்லி, ஓடிபி கேட்கும் குரல். எல்லாவற்றுக்கும் மேலே கேஸ் சிலிண்டர். படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவார். மூடியதை எழுந்து போய்ப் பார்ப்பார். பார்த்ததை நம்பாமல் மறுபடி போவார். சமையலறை வாசலில் பாய் போட்டிருக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் கால்களை மடக்கி வழிவிடுவாள்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகன் ஹெப்பகோடியில் ஒரு ஹைட்ரஜன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான்.

"அது வெடிக்குமாடா?"

"நான் எக்செல்லதான்பா வேலை பாக்குறேன். எக்செல் வெடிக்காது."

அப்பா நம்பவில்லை.

காலையில் போனில் அழைத்திருந்த ஷ்ரேயாஸ் பத்து மணிக்குப் பெரிய சம்பங்கி மாலையோடு வந்தார். கம்பெனியைத் தொடங்கியவர், சீனுவைவிட ஐந்து வயது மூத்தவர். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, சீனுவின் தோளில் கைபோட்டு வராண்டாவுக்கு அழைத்துப் போனார். அந்தக் கை கனமாக இருந்தது. அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். தவறு அவனுடையதுதான்.

கர்நாடகத்தில் குறைந்த கார்பன் ஹைட்ரஜன் தொழிலின் பத்தாண்டு வளர்ச்சி பற்றி நாற்பது பக்க அறிக்கை எழுதும் பொறுப்பு போன வருஷம் அவனுக்கு வந்தது. உரக்காரர்கள் விலை குறையட்டும் என்றார்கள். எஃகுக்காரர்கள் உரக்காரர்கள் வாங்கட்டும் என்றார்கள். லாரிக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. வளர்ச்சிக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. "தள்ளிப்போடாத டிமாண்ட் ஒண்ணு கண்டுபிடி," என்றார் ஷ்ரேயாஸ். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த குறும்பில் சீனு ஒரு வரி சேர்த்தான்: தகன மேடைகள். ஊரில் நாளொன்றுக்கு இத்தனை சாவு, சாவொன்றுக்கு இத்தனை கிலோ ஹைட்ரஜன். தள்ளிப்போடவே முடியாத வாடிக்கையாளர்கள். கோடு நிமிர்ந்து நின்றது.

மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ரேயாஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் மின்தகன மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஹைட்ரஜன் உலை வந்துவிட்டது. முதல் வருஷ இலக்கு ஆயிரத்து இருநூறு. திறந்து ஆறு வாரமாயிற்று. வந்தவர்கள் பூஜ்யம்.

"தப்பா எடுத்துக்காத சீனு. எலெக்ட்ரிக்ல இன்னிக்கு பயங்கர ரஷ். நம்ம யூனிட்ல க்யூவே இல்ல."

"தெரியும் சார்."

"ஜனங்க பயப்படுறாங்க. நம்ம ஆளுங்களே முதல்ல வந்தா... வியாழக்கிழமை இன்வெஸ்டர்ஸ் வர்றாங்க. ரிப்போர்ட்ல அந்தப் பூஜ்யத்துக்குப் பதிலா ஒரே ஒரு ஒண்ணு இருந்தா போதும். நான் ஃபோர்ஸ் பண்ணல."

சீனுவின் வேலை நிரந்தரமாகும் கடிதத்தில் திங்கட்கிழமை அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவர் சொல்லவில்லை.

சீனு உள்ளே போய் அம்மாவிடம் சொன்னான். புது மாதிரி உலை, புகை வராது, காத்திருக்க வேண்டாம்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அதுல அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

யாரும் சிரிக்கவில்லை. சந்திரம்மா தரையைப் பார்த்தாள்.

"ஆகாதும்மா," என்றான். அது அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கத்துக் குரல். அங்கே ஒரு கட்டத்தில் அவனே எழுதியிருந்தான்: பொதுமக்களின் அச்சம், குறைவு. தீர்வு, விழிப்புணர்வு முகாம்.

அம்மா தானும் வருவேன் என்றாள். பெண்கள் போவதில்லை என்று யாரோ இழுத்தார்கள். அவள் ஏற்கெனவே வேனில் ஏறி, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

உலைக்கதவில் திறப்பு விழா ரிப்பன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஹரிஷ்குமார் போட்டிருந்த பச்சை டீஷர்ட்டின் முதுகில் 'நாளைய எரிபொருள்' என்று எழுதியிருந்தது. கையில் தென்னந்துடைப்பம்.

"இது எதுக்குண்ணா?" என்று சீனு கேட்டான்.

"ஹைட்ரஜன் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது சார். சென்சார்தான் சொல்லணும். அது நேத்துலேருந்து சொல்லமாட்டேங்குது. புதுசு ஆர்டர் போட்டிருக்கு. அதுவரைக்கும் இதான்."

"பேக்கப் சிஸ்டம்," என்றார் ஷ்ரேயாஸ்.

ஹரிஷ்குமார் வால்வைத் திறந்து, பற்றவைக்கும் சுவிட்சைத் தட்டினார். உஸ் என்ற சத்தம். சதுரமான வாய்க்குள் சீனு எட்டிப் பார்த்தான். வெறும் செங்கல், வெறும் காற்று. ஹரிஷ்குமார் துடைப்பத்தை மெல்ல உள்ளே நீட்டினார். ஒன்றுமில்லாத இடத்தில் ஈர்க்குச்சிகளின் நுனி கறுத்தது, சுருண்டது, பிறகு மஞ்சளாகப் பற்றியது.

"எரியுது சார்!" என்றார், பிள்ளை பிறந்த செய்தி சொல்பவரைப் போல.

துடைப்பம் போவதற்கு முன்பும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. எதுவரைக்கும் இருக்கிறது? வாசல்வரையா? அதற்கு இப்பாலும்? அவன் தன் முகத்துக்கு முன்னால் இருந்த காற்றைப் பார்த்தான். ஓர் எட்டு பின்னால் வைத்தான். பின்னால் அப்பா ஸ்டீல் தள்ளுவண்டியில் கிடந்தார், கட்டைவிரல்கள் சேர்ந்து, ஓட முடியாதபடி. முடிச்சு அவன் போட்டது.

"பத்திக்கிச்சா? ஒண்ணும் தெரியலையே," என்றாள் அம்மா.

"பட்டன் அமுக்கு சீனு. ட்ராலி தானா உள்ள போகும்." ஷ்ரேயாஸின் கையில் போன் தயாராக இருந்தது. "ஒரே ஒரு போட்டோ. முகம் வராது."

பட்டன் பச்சையாக இருந்தது. சீனுவின் விரல் அதன் மேல் போய் நின்றது. திரும்பி வந்தது.

"சார், அப்பா பயப்படுவாரு."

"சீனு... அவர்..." என்றார் ஷ்ரேயாஸ்.

"ரொம்பப் பயப்படுவாரு சார்."

ஹரிஷ்குமார் இருவரையும் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே வால்வை மூடி, துடைப்பத்தைத் தண்ணீர் வாளியில் முக்கினார். ஷ்ரேயாஸ் போனைப் பையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்து மேடையில் டோக்கன் எண் பதினான்கு. மூன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்து கதவு மேலே ஏறியபோது உள்ளே சிவப்பாகத் தகித்தது.

"இது தெரியுது," என்றாள் அம்மா.

வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. அப்பா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. சந்திரம்மா எலுமிச்சை சாதமும் பிளாஸ்க்கில் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போனில் ஷ்ரேயாஸ்: 'டேக் கேர். திங்கட்கிழமை பேசணும்.' சீனு அதைக் கவிழ்த்து வைத்தான்.

அம்மா வழக்கமான இடத்தில், சமையலறை வாசலில், பாய் போட்டுப் படுத்தாள்.

அன்று முழுவதும் அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. சீனு எழுந்து போய்க் குனிந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தான். மூடியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தான். அம்மா கால்களை மடக்கி வழிவிட்டாள்.