வலது தோள்

டாக்டர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து நெட்டை உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் குட்டையனும் அதையேதான் செய்தான். ஓட்டல்களின் அழுக்கு விரிப்புகளைத் துவைக்கும் சலவை ஆலை அது. எப்போதாவது டாக்டர் வருவார். அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு எதுவும் வராது. இவர்களுக்கு அதுதான் வராது.

முறுக்கிப் பிணைந்து கிடக்கும் ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துத் தள்ளுவண்டியில் போடுவது நெட்டையின் வேலை. சில வாரங்களாக வலது தோள் சட்டை மாட்டவே விடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மடிப்பு மேசைக்கு மாற்றுவார்கள். இல்லையென்றால் மறுபடி இயந்திரம்தான். கை ஓய்ந்துபோனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்படி முதலில் மேசைக்குப் போனவர் வாத்தியார். பள்ளிக்கூட வாசலை மிதித்தது அவருக்கே நினைவில்லை. தோள்வலியை ஸ்பானிஷில் சொல்லிக்கொடுப்பதால் வந்த பெயர். தங்கும் கூடத்தில், கட்டில்களுக்கு நடுவே பாடம் நடந்தது.

“மெ துவேலெ எல் ஓம்ப்ரோ. தோள் வலிக்குதுன்னு அர்த்தம். எங்கே, சொல்லு.”

நெட்டை சொன்னான்.

“அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் ‘நோ புவேதோ தோர்மிர்’. தூங்க முடியல. இடது கையால வலது தோளைப் பிடிச்சுக்க. டேய், போட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்காத. வலிக்குதுல்ல?”

“நெஜமாவே வலிக்குதுண்ணே.”

“நெஜமா வலிச்சா மட்டும் பத்துமா? சொல்லத் தெரியணும்.”

“அண்ணே, எனக்கு முட்டிதான் வலிக்குது,” என்றான் குட்டையன்.

“முட்டிக்கு என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. நீயும் தோள்னே சொல்லு. எனக்கு நடந்துச்சுல்ல?”

பெஞ்சிலிருந்த நெட்டையை உள்ளே கூப்பிட்டார்கள். நெட்டை நின்றபடியே ஆரம்பித்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவன் பெருமூச்சு விட்டபோது அவரும் விட்டார். “நோ புவேதோ...” என்று அவன் இழுக்க, “தோர்மிர்” என்று அவர் முடித்தார். இடது கையால் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நர்ஸைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் இதே பெருமூச்சைத்தான் விட்டிருப்பார்கள் என்பது நெட்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

“சார், சொல்லிக்கொடுத்ததுதான். ஆனா எனக்கு நெஜம் சார். உள்ள யாரோ துணியப் பிழியற மாதிரி இருக்கு. போனைத் தூக்கிக் காதுல வெச்சு வீட்டுல ரெண்டு வார்த்தை பேச முடியல சார்,” என்று தமிழில் சொன்னான்.

டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, வேலைக்குப் போகலாம் என்ற முத்திரையைச் சீட்டில் குத்தி, அடுத்தவனை அனுப்பும்படி கையசைத்தார்.

“என்னடா, நடந்துச்சா?” குட்டையன் எழுந்து நின்றான்.

“முட்டியவே காட்டுடா. தோள்னு சொல்லாத.”

“நீ மட்டும் மேசைக்குப் போகப் பாக்கறியா?”

இடது கையைத் தோளில் வைத்துக்கொண்டு குட்டையன் உள்ளே போனான்.

இயந்திரம் சுற்றி ஓய்ந்திருந்தது. நெட்டை கதவைத் திறந்தான். வலது கை இடுப்புக்கு மேலே எழவில்லை. குனிந்து தலையை உள்ளே விட்டு, ஈர விரிப்பின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடது கையால் இழுக்க ஆரம்பித்தான்.