தீவில் ஊதிய சங்கு

ஸ்வாதியின் தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மை அதில் தாராளமாகவே பாய்ந்திருந்தது. சங்கைக் குறிக்க அவள் எழுதியிருந்த ‘கான்ச்’ என்ற ஆங்கிலச் சொல் வருகிற இடத்திலெல்லாம் ஒரு வட்டம். கடைசிப் பக்கத்தின் அடியில் பிரியதர்ஷினி மேடத்தின் சாய்ந்த கையெழுத்து: இந்த நாவலில் சங்கே கிடையாது. எங்கிருந்தோ எடுத்து எழுதியது. பூஜ்யம். வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டில் அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் ஸ்வாதிதான். மற்றவர்கள் யூடியூபில் கதைச் சுருக்கம் பார்த்தார்கள். ஹரீஷ்குமார் அதைக்கூடப் பார்க்கவில்லை. போனிடம் கேட்டு, அது சொன்னதை அப்படியே இறக்கிவைத்தான். அவனுக்குப் பத்துக்கு எட்டு. உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்லி ஆறிப்போகிற ரகமில்லை ஸ்வாதி. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

நாவலின் கதை பெரிய சிக்கலொன்றும் இல்லை. கப்பல் உடைந்து, பள்ளிக்கூடப் பையன்கள் கொஞ்சம் பேர் ஆளில்லாத தீவில் ஒதுங்குகிறார்கள். பெரியவர் என்று ஒருவரும் பிழைக்கவில்லை. உடைந்த கப்பலிலிருந்து ஒரு பையன் ஒரு பெட்டியை இழுத்து வருகிறான். கைப்பிடியைச் சுழற்றினால் ஊரைக் கூட்டும்படி ஊளையிடுகிற பெட்டி. பனிமூட்டத்தில் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஊதுவது. அது ஊதினால் எல்லோரும் கூடுவது என்று பையன்கள் விதி வைக்கிறார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக நடக்கிறது. பிறகு விதி போய், வெட்கம் போய், கடைசியில் அவர்களில் சின்னவன் ஒருவனின் உயிரும் போகிறது.

கதைச் சுருக்கம் வேண்டாம், படிக்கும்போது உங்களுக்குள் என்ன ஓடியதோ அதை எழுதுங்கள் என்றுதான் மேடம் சொல்லியிருந்தாள். நன்றாக எழுதுகிறவரைக் கிருஷ்ணகிரியில் நடக்கும் கல்லூரிகள் கருத்தரங்குக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருந்தாள். ஸ்வாதி அதற்கு ஆசைப்பட்டது உண்மை. இப்போது கருத்தரங்கு கிடக்கட்டும், ‘பார்த்து எழுதியவள்’ என்ற பேரோடு இன்னும் ஒன்றரை வருஷம் இந்த வகுப்பில் உட்கார வேண்டுமா என்பதுதான் கவலை.

“அந்தச் சங்கு எங்கிருந்துடி வந்துச்சி?” என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டாள் அனிதா. உத்தனப்பள்ளிக்காரி, ஒரே பெஞ்சு. “மேடம் சொல்லிக்கினு இருந்தாங்கோ, இதே மாதிரி தீவு, இதே மாதிரி பசங்க, வேற ஒரு நாவலு இருக்குதாம். அதுலதான் சங்கு வருதாம். நெட்டுல அதைப் பாத்து நீ மாத்தி எழுதிட்டேன்னு நெனைக்கிறாங்கோ.”

“நான் எந்த நெட்டையும் பாக்கல. புத்தகத்துல சங்கு இருக்கு.”

“இல்லடி. நானே தேடிப் பாத்தேன். அந்தப் பெட்டிக்கு ஃபாக்ஹார்ன்னுதான் போட்டிருக்குது.”

ஸ்வாதியால் நம்ப முடியவில்லை. சங்கு இருந்தது. ஒவ்வொரு பக்கமாக அதன் சத்தத்தைக் கேட்டபடிதானே படித்தாள்? டவுன் பஸ்ஸில் மத்திகிரி வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். விடை கிடைக்கவில்லை.

விடை வீட்டு வாசலில் காத்திருந்தது. எட்டு வீடு கொண்ட லைன் வீட்டுக்கு ஒரே குழாய். முன்வரிசை வீடுகளின் குடங்கள் குழாயடியில் நின்றன. பின்வரிசைப் பிள்ளைகள் தங்கள் குடங்களோடு சுவரோரம் குந்தியிருந்தார்கள். உள்ளே ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா கருப்பாயி, தலைமுடியை வாரி முடிந்தபடியே குரல் கொடுத்தாள்.

“ஏட்டி, சங்கு ஊதப் போவுது. கொடத்த எடுத்துட்டுப் போயி நில்லு. பெறகு மொற போச்சுன்னு அழுதா நான் என்ன செய்ய?”

அம்மா சொல்லி வாயை மூடவில்லை, பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதியது. நீளமாக, வயிற்றிலிருந்து எழும்பி, மத்திகிரி முழுவதையும் ஒருமுறை தடவிவிட்டு அடங்கியது. தங்கள் முறை முடிந்தது என்று முன்வரிசைக்காரர்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். பின்வரிசை எழுந்து வந்தது. ஸ்வாதியின் தம்பி ஜெகதீஷ் முதல் ஆளாகக் குடத்தை வைத்தான்.

ஸ்வாதி பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாவலில் அந்தப் பெட்டியின் பெயர் முதன்முதலில் வந்தபோது அவளுக்கு அது புரியவில்லை. போனில் படம் பார்த்தாள். சத்தத்தையும் போட்டுக் கேட்டாள். அட, நம்ம கம்பெனிச் சங்கு என்று மனசு சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தீவில் ஊதியது சங்குதான். பதில் எழுத உட்கார்ந்தபோது சங்குக்கு இங்கிலீஷில் என்ன என்று போனைக் கேட்டாள். அது கடலில் கிடக்கிற சங்கை எடுத்து நீட்டியது. இவளும் வாங்கி எழுதிவிட்டாள்.

“என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்க?” என்றாள் கருப்பாயி, செருப்பை மாட்டிக்கொண்டே.

“சங்கை இங்கிலீஷ்ல தப்பா எழுதிட்டேம்மா. பாத்து எழுதினேன்னு பூஜ்யம் போட்டுட்டாங்க.”

“போயி டீச்சர்ட்ட சொல்லு. வாய் என்னத்துக்கு இருக்கு?” என்றுவிட்டு அவள் தன் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடினாள்.

அனிதா போனில் சொன்ன வழி இன்னும் சுலபம். “தப்பாயிடுச்சி மேடம்னு ஒரு சாரி சொல்லிட்டு, சங்கு வர எடத்துல எல்லாம் ஃபாக்ஹார்ன்னு மாத்தி எழுதிக் குடுத்துடு. அஞ்சு மார்க்காவது போடுவாங்கோ.”

ஸ்வாதி மாற்றிப் பார்த்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதல் பதிலைப் புதிதாக எழுதினாள். சங்கு இருந்த இடத்தில் ஃபாக்ஹார்ன் வந்து உட்கார்ந்ததும் பதில் செத்துக் கிடந்தது. ஏன் என்று புரியாமல் திரும்பத் திரும்ப வாசித்தாள். புரிந்தபோது அந்தத் தாளைக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டாள். மன்னிப்புக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்ததும் பயம் வந்தது; ஆனாலும் முடிவு மாறவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு நிரம்பியிருந்தது. ஒருவர் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்க்க என்றால் லீவு போடுகிறவன்கூட வந்துவிடுவான். பிரியதர்ஷினி மேடம் கெட்டவளில்லை. ஒரு மாசமாகக் கட்டுக் கட்டாகத் திருட்டுப் பதில்களைத் திருத்தி நொந்துபோனவள். ஸ்வாதியின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள், இந்த நாவலில் சங்கு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று.

பின்பெஞ்சிலிருந்து ஹரீஷ்குமாரின் குரல் வந்தது. “மேடம், அவ மார்க்குக்குத்தான் சங்கு ஊதியாச்சே.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஸ்வாதியும் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபப்பட வேண்டிய இடத்தில் அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. இத்தனை நாள் தேடிய கடைசித் துண்டை அந்தத் தடியன் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

“மேடம், தமிழ்ல சொல்லலாமா?”

“சொல்லு.”

“புத்தகத்துல இருக்கறது ஃபாக்ஹார்ன்தான் மேடம். கான்ச்னு எழுதினது என் தப்பு. ஆனா நான் அதை சங்குன்னுதான் படிச்சேன். எங்க வீட்டுப்பக்கம் கம்பெனியில ஊதறதுக்குப் பேரு சங்குதான். கோயில்ல ஊதறதும் சங்கு. இப்ப ஹரீஷ் சொன்னானே, சாவு வீட்ல ஊதறது, அதுவும் சங்கு.” அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “அந்தத் தீவுல அது மூணு விதமா ஊதுது மேடம். மொதல்ல எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிட ஊதறாங்க. அது கோயில் சங்கு. அப்புறம் பெரிய பையன் கைப்பிடியை யாருக்கும் குடுக்க மாட்டேங்கறான். அவன் ஊதினா மத்தவங்க வெறகு பொறுக்கணும், தண்ணி தூக்கணும். அப்ப அது கம்பெனிச் சங்கு. கடைசியில சின்னப் பையன் செத்துக் கெடக்கறப்ப எவனோ ஒருத்தன் போயி கைப்பிடியைச் சுத்தறான். எதுக்குச் சுத்தறான்னு புத்தகத்துல எழுதல. நம்ம ஊர்க்காரங்களுக்கு எழுத வேண்டியதில்ல. ஃபாக்ஹார்ன்னு படிச்சா அது ஒரு பெட்டி மேடம். சங்குன்னு படிச்சா அதுதான் மொத்தக் கதை.”

சிரிப்பு நின்றிருந்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாவலை எடுத்து முன்னே புரட்டினாள், பின்னே புரட்டினாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கத்தை இரண்டுமுறை வாசித்தாள். 

“நாலாவது கேள்விக்கு நீ எழுதினதை நான் முழுசாப் படிக்கல,” என்றாள் மேடம் மெதுவாக. அவளும் இப்போது தமிழுக்கு வந்திருந்தாள். “வட்டம் போடற அவசரத்துல விட்டுட்டேன். அந்தத் தீவில் நீ இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்னு கேட்டிருந்தேன். என்ன எழுதினே?”

“தீவுல நான் இருந்திருக்கேன் மேடம்.”

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். ஸ்வாதி நிறுத்தவில்லை. போன கோடையில் கம்பெனிச் சங்கு பழுதாகிக் கிடந்த கதையைச் சொன்னாள். லைன் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஷிப்டில். அப்பா மாடசாமி, அம்மா, பக்கத்து வீட்டார், ஒருவர் இல்லை. வீட்டுக்கார நாராயணம்மாவும் வேப்பனப்பள்ளிக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் நூலாக விழுந்தது. சங்கு ஊதவில்லை, அதனால் எங்கள் முறை முடியவில்லை என்றது முன்வரிசை. வெயில் சாய்ந்துவிட்டது, இது எங்கள் முறை என்றது பின்வரிசை. ஒரு குடம் எட்டி உதைக்கப்பட்டு உடைந்தது. ஒருவன் சட்டை கிழிந்தது. ஏழாவது படிக்கிற ஜெகதீஷ், எறும்பைக்கூடத் தாண்டிப் போகிறவன், செங்கல் துண்டைக் கையில் எடுத்துவிட்டான்.

“அவன் மொகத்தைப் பாத்தேன் மேடம். என் தம்பி மாதிரியே இல்ல. அந்த மொகத்தை நான் இந்தப் புத்தகத்துல மறுபடி பாத்தேன்.”

“அப்புறம்?”

“துணி தொவைக்கற கல்லு மேல ஏறி நின்னு, ரெண்டு கையையும் வாய்கிட்ட குவிச்சு, நானே சங்கு ஊதினேன். கம்பெனி ஊதற அதே நீளத்துக்கு. முன்வரிசைக்காரங்க பழக்கத்துல கொடத்தை நகத்திட்டாங்க. நகத்தினதுக்கு அப்புறந்தான், ஊதினது நானுன்னு தெரிஞ்சுது. எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. தம்பி செங்கல்லைக் கீழ போட்டான். சங்கு ரிப்பேர் ஆகற வரைக்கும் ஆளுக்கு ஒரு நாள்னு நாங்களே ஊதினோம். சின்னதுங்க எப்படா நம்ம முறை வரும்னு சண்டை போட்டுச்சுங்க.”

 ஸ்வாதி மேடத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். “பெரியவங்க இல்லேன்னா பிள்ளைங்க மிருகம் ஆயிடுவாங்கன்னு புத்தகம் சொல்லுது. நான் ஒத்துக்க மாட்டேன் மேடம். ஆகப் பாப்பாங்க. நாங்களும் ஆகப் பாத்தோம். அந்தத் தீவுல நடுவுல பெரிய பையன் பெட்டியை ஒளிச்சு வெச்சதும் எல்லாரும் பெட்டியைத்தான் தேடறாங்க. ஒருத்தனுக்குக்கூட வாயால ஊதத் தோணல. அதைத்தான் எழுதியிருந்தேன்.”

பிரியதர்ஷினி மேடம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து போட்டாள். அதைப் போட்ட கையோடு எழுந்து நின்று, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி, “படிக்காமல் எழுதியது நீயில்லை, படிக்காமல் திருத்தியது நான்தான். மன்னிச்சிடும்மா,” என்றாள். கிருஷ்ணகிரிக்கு ஸ்வாதிதான் போகிறாள் என்றும், அங்கே வாசிக்கிற கட்டுரையில் சங்கு சங்காகவே இருக்க வேண்டும், இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாலும் அந்தச் சொல்லை மாற்றக் கூடாது என்றும் சொன்னாள். அனிதா மேசையைத் தட்டினாள். அவளைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.  ஸ்வாதி துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஹரீஷ்குமார் மட்டும் விடவில்லை. மார்க் விஷயத்தில் இனித் தன்னைக் கிளறுவார்கள் என்று பேச்சை மாற்றினானோ, நிஜமாகவே ஆசைப்பட்டானோ தெரியாது.

“மேடம், அதை ஒரு தடவை ஊதிக் காட்டச் சொல்லுங்க.”

மேடம் ஸ்வாதியைப் பார்த்துத் தலையசைத்தாள். 

ஸ்வாதி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கைகளைக் குவித்தாள். அடிவயிற்றிலிருந்து மெல்லத் தொடங்கி, ஏற்றி, உச்சியில் நிறுத்தி, மத்திகிரி கேட்டுப் பழகிய அதே நீளத்துக்கு ஊதினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வணிகவியல் வகுப்பில் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. மாடியில் தடதடவென்று காலடிகள் இறங்கின. பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டே வந்தார்கள், கம்பெனியில் ஷிப்ட் விட்டாச்சு, கிளம்ப நேரமாச்சு என்று. வராந்தா நிறைந்தது. கணக்கு வாத்தியார் நாராயணப்பன் சாக்பீஸும் கையுமாகக் கூட்டத்தை விலக்கி வாசலுக்கு வந்தார்.

“என்னாச்சி மேடம்? எதுக்கு எல்லாரையும் கூப்புட்டீங்கோ?”

பிரியதர்ஷினி மேடம் நாற்காலி மேல் நின்றவளைக் கை காட்டினாள்.

“நான் கூப்பிடல சார். சங்கு ஊதினது அவ.”