சாட்சித் துண்டு

பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது பதினாறு வருடமாக அவள் வேலை.

அன்று வந்தது ஓர் இளம் ஆசிரியையின் சினைப்பைக் கட்டி. மைக்ராஸ்கோப்பில் தெரிந்த தோற்றத்தை மட்டும் வைத்து, ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவால் வகை சொல்ல முடியவில்லை. மெதுவாக வளரும் கிரானுலோசா வகையென்றால், எடுத்த சினைப்பையோடு போயிற்று. வேகமான புற்றென்றால் மற்ற சினைப்பையும் கருப்பையும் போய்விடும். இன்ஹிபின் என்ற புரதம் கட்டியில் இருந்தால் முதல் வகைக்குப் பெரிய சான்று, சாயம் பழுப்பாகும்.

தகடு வெளிறிக் கிடந்தது.

"நெகட்டிவ்தானே? மதியம் சிகிச்சையை முடிவு பண்ற கூட்டம். சர்ஜன் மூணு தடவை போன் பண்ணிட்டார். கொடும்மா," என்றார் டாக்டரம்மா.

"கொடுக்க மாட்டேன் டாக்டர்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

"ஓரத்துல ஒட்டின துண்டைப் பாருங்க. அந்தப் புரதம் நிச்சயமா இருக்குன்னு தெரிஞ்ச சதை அது. அதுலயே நிறம் ஏறல. சாட்சியே வாயைத் திறக்கல, தீர்ப்பு எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு போனை எடுத்து, "ரிப்போர்ட் இன்னிக்கு வராது. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க," என்றார்.

மெழுகக்கா பழைய சாய மருந்துப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். சாப்பிடக்கூடப் போகவில்லை. நாலரை மணிக்கு ஓரத்துத் துண்டும் பழுப்பானது, கட்டியும் பழுப்பானது. மறுநாள் பார்த்த வேறு இரண்டு புரதங்களும் அதையே சொல்லின. கிரானுலோசாதான். ஆசிரியைக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு டாக்டரம்மா அவளையும் கூட்டிப்போனார். "ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சது நானில்ல, இவங்க."

மூன்று தடவை போன் செய்த சர்ஜன் எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினார். "உட்காருங்கம்மா."

உட்கார்ந்தாள். நகத்திடுக்கில் மெழுகு ஒட்டிய கைகளை முதலில் மடியில் மறைத்தாள். பிறகு எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வீட்டில், பஸ் டிரைவரான கணவன் விஷயம் கேட்டதும் தன் தங்கைக்குப் போன் போட்டுவிட்டான்.

"உங்க அண்ணி புரோட்டீனை வெச்சே கட்டி என்ன வகைன்னு கண்டுபிடிச்சிட்டா! முட்டையில இருக்கிறது இல்லடி, இது வேற!"

"போதும், ஊரைக் கூட்டாதீங்க," என்று சமையலறையிலிருந்து அதட்டினாள்.

அதட்டிவிட்டு, அவன் சொல்வது காதில் விழட்டுமென்று குழாயை மூடினாள்.