ஜன்னலோரச் சண்டையின் சந்தை விலை

எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய காரை விற்றால், அது புதிதாக வந்த நாளில் அதில் உட்கார்ந்து போனவர்களும் அதோடு சேர்ந்தே போவார்கள். கோயம்புத்தூரில் இது பழைய வழக்கம். வெளியூர்க்காரர்கள் சிலர் இஞ்சின் அசலா, பெயின்ட் அசலா என்று மட்டும் பார்த்து வாங்கிப் போய்விடுவார்கள். வீட்டில் கொண்டுபோய் நிறுத்திய பிறகு, பின் சீட்டு காலியாக இருக்கிறதே என்று எனக்கு ஃபோன் செய்வார்கள். காலி சீட்டுக்கு நான் என்ன செய்ய முடியும்?

என் வேலை விலை மதிப்பது. வண்டியைப் பார்ப்பேன், உட்கார்ந்தவர்களைப் பார்ப்பேன், உள்ளதைச் சொல்வேன். உள்ளதைச் சொல்பவனுக்கு இப்போதெல்லாம் ஒரு டீ கூடக் கிடைப்பதில்லை. போன வருடம் திருப்பூரில் ஒரு கார், இரட்டைச் சகோதரிகள் இருவரும் சிராய்ப்பில்லாமல் உள்ளே இருக்க, இருபத்திரண்டு லட்சத்துக்குப் போனது. அன்றிலிருந்து பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் வீட்டு அத்தையை இருபத்திரண்டு லட்சமாகவே பார்க்கிறார். அடுத்தவர் அத்தையின் விலை நம் அத்தையின் விலை ஆகாது என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருகிறது.

கனகசபாபதிக்கும் அதே காய்ச்சல்தான். ராமநாதபுரத்தில் அவர் வீட்டு வாசலில் கறுப்புக் கார் ஒன்று நின்றது. அறுபத்து நாலாம் வருடத்து வண்டி. அவருடைய அப்பா பஞ்சுத் தரகர். மனைவியை முன்னால் உட்கார வைத்து, பின் சீட்டின் வலது பக்கம் முழுக்க, ஆலைகளுக்குக் காட்டும் மாதிரிப் பஞ்சு மூட்டைகளை அடுக்கி, மிச்ச இடத்தில் இரண்டு பிள்ளைகளைத் திணித்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பொள்ளாச்சிக்குப் போவாராம். மூட்டைகள் இன்னும் அப்படியே இருந்தன. பஞ்சு மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

"வெலை மாசா மாசம் ஏறிட்டே இருக்குதுங்க. இப்பத் தள்ளி உட்டாத்தான் உண்டு" என்றார் கனகசபாபதி. "திருப்பூர் வண்டிக்கு நம்ம வண்டி என்னங்க கொறைச்சல்?"

"அதுல ரெண்டு பேர் இருந்தாங்க."

"இங்கயும் எங்கக்கா இருக்குதுங்களே."

அவருடைய அக்கா சுலோச்சனா ஏற்கனவே பின் சீட்டில், இடது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீளமேட்டில் தனியாக இருக்கிறார். தம்பி விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் மடிப்பு கலையாத புடவையில் வந்து, தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டதால் வழக்கப்படி அவர்களுக்குத் தேய்மானம் கழித்தேன். பிறகு கனகசபாபதியைப் பார்த்து, நடுவில் உட்கார்ந்து போனவர் அவர்தான் என்பதால் அவரும் வண்டியோடு சேர்த்திதான் என்றேன்.

"நான் ஓனருங்க."

"ஓனரும் சேர்த்திதாங்க. நீங்க இல்லைன்னா பாதி விலைகூட வராது."

கனகசபாபதி தலையாட்டினார். "அப்பப் பணத்தை என் பேர்ல பேங்க்ல போட்டுட்டுப் போயர்றேன்" என்றார். விலை ஏறும் காலத்தில் மனிதர்கள் தங்களையும் தயங்காமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

வாங்க வந்தவர் சென்னைக்காரர், ஜெயச்சந்திரன். கடற்கரைச் சாலையில் அவருக்குப் பெரிய கொட்டகை ஒன்று உண்டு. அதில் நாற்பது கார்கள், எல்லாவற்றிலும் ஆட்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். காலையில் பயணிகளை மெல்லிய துணியால் துடைத்து, பத்து மணிக்கு டீ கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியை இறக்கிவிடுவார்களாம். "யாரும் குறை சொன்னதில்ல சார்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது சுலோச்சனா ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இதுக்கு நெசமான வெலை என்னங்க?"

"ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"எங்கிட்ட ஆறு லட்சம் இருக்குதுங்க. அதுக்குள்ள வந்தா நானே வாங்கிக்குவேன். எனக்காகப் பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். இருக்கறதச் சொன்னாப் போதும்." பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு அந்தக் கொட்டாயில போயி உக்கார முடியாதுங்க. அவனால சுத்தமா முடியாது. அவனுக்கு அது இப்பத் தெரியல" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்தை நான் விலையில் சேர்ப்பதில்லை.

விஷயம் ஒன்றில்தான் இருந்தது. காருக்குள் அந்தக் காலத்தில் ஒரு சண்டை இருந்தது. ஒரே ஒரு ஜன்னலுக்கு இரண்டு பிள்ளைகள். கிணத்துக்கடவு நெருங்கும்போது தம்பி ஜன்னல் கேட்பான், அக்கா தரமாட்டாள், பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை அடிதடி. அதுவும் காரோடு வந்த அசல் பாகம். அந்தச் சண்டை இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் வண்டி பதினெட்டு லட்சம் தாண்டும். ஓடாவிட்டால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கும். அக்காவும் தம்பியும் பல வருடங்களாக ஒருவரையொருவர் மரியாதையோடு வாங்க போங்க என்று பேசிக்கொள்கிறவர்கள். பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான்.

நான் ஓட்ட, ஜெயச்சந்திரன் என் பக்கத்தில் உட்கார, பொள்ளாச்சி ரோட்டில் கிளம்பினோம். ஈச்சனாரியைத் தாண்டினோம். இஞ்சின் சுத்தமாக இருந்தது. பிறகு கனகசபாபதி தொண்டையைச் செருமினார்.

"அக்கா, கொஞ்ச நேரம் ஜன்னலை எனக்கு உடறீங்களா?"

"பார்க்கலாங்க."

ஜெயச்சந்திரன் உதட்டைப் பிதுக்கினார். அது பழைய சண்டைமேல் பூசிய புதுப் பெயின்ட் என்பது யாருக்கும் தெரியும். நான் மனதில் ஐந்தே கால் என்று குறித்துக்கொண்டேன்.

கனகசபாபதிக்கும் அது தெரிந்துவிட்டது. கிணத்துக்கடவு நெருங்க நெருங்க அவர் நெளிய ஆரம்பித்தார். முதலில் பணத்துக்காகத்தான் நெளிந்தார். அப்புறம் அது பணத்துக்காக இல்லை என்பது ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. பிடி லேசாகி, வண்டி தானாக முன்னால் இழுத்தது. விலை ஏறும்போது வண்டி அப்படித்தான் இழுக்கும்.

"ஒரு நாளாவது உட்டிருக்கறயா நீ?" என்று கத்தினார். "ஒரே ஒரு நாள்? எப்பப் பார்த்தாலும் நாந்தான் நடுவுல! எனக்கு முன்னால அப்பா தலை, அந்தப் பக்கம் மூட்டை, இந்தப் பக்கம் நீ! உனக்கு மட்டும் காத்து!"

ஏழு. பத்து. பன்னிரண்டு. ஜெயச்சந்திரன் முழுதாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவர் கண்கள் பளபளத்தன. இனி அக்கா ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும். கண்ணாடியில் பார்த்தேன். சுலோச்சனாவின் முகம் சிவந்திருந்தது, முழங்கை தம்பியின் விலாவை நோக்கி உயர்ந்திருந்தது. வாய் திறந்துவிட்டது. எனக்குத் தொழில் மறந்து, வேண்டாம்மா என்று சொல்லத் தோன்றியது.

"வண்டிய ஓரங்கட்டுங்க" என்றார் அவர்.

நிறுத்தினேன். சுலோச்சனா கதவைத் திறந்து மெதுவாக இறங்கி ரோட்டோரம் நின்றார்.

"நகர்ந்து உக்காருடா" என்றார்.

கனகசபாபதி நகரவில்லை. இவ்வளவு காலமாகக் கேட்டதைக் கொடுத்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு இஞ்சு இஞ்சாக நகர்ந்து ஜன்னலோரம் போனார். சுலோச்சனா அந்தப் பக்கம் சுற்றி வந்து, ஒரு மூட்டையை இறக்கி, அந்தக் கதவு வழியாக ஏறி நடுவில் உட்கார்ந்தார். நான் மூட்டையை மடியில் வாங்கிக்கொள்ளும்படி ஜெயச்சந்திரனிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

காற்று அடித்தது. கனகசபாபதியின் நரைமுடி எல்லாம் பறந்தது. அவர் கையை வெளியே நீட்டினார்.

"அக்கா" என்றார் கடைசியில். "இங்கிருந்து மலை தெரியுதுக்கா."

"ஆமா சாமி" என்றார் சுலோச்சனா.

ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சுலோச்சனா கணக்குப் போட்டு எழுந்தாரா, மனசாரக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. மதிப்பீட்டில் அதற்கு இடமும் இல்லை. பயணிகள் இடம் மாறிவிட்டார்கள், அசல் போய்விட்டது, அவ்வளவுதான். வண்டியை நிறுத்தி, நாலே முக்கால் லட்சம் என்றேன்.

ஜெயச்சந்திரன் வாதாடவில்லை. நல்ல சேகரிப்பாளர் அவர். பஞ்சு மூட்டையை மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்து, சட்டையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, வாடகைக் காரை வரவழைத்து ஏறிப் போனார். சுலோச்சனா அங்கேயே பணத்தை அனுப்பி, காரையும் தம்பியையும் வாங்கிக்கொண்டார். தம்பி தன்னை விற்றுவிட்டார்கள் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் ஒரு மாட்டு மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க அப்படியே பொள்ளாச்சி வரைக்கும் போயிட்டு வர்றோங்க" என்று சொல்லி சுலோச்சனா முன்னால் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு ஏதோ தோன்றியவராக இறங்கி, பின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, உருண்டு கிடந்த சண்டையை வெளியே எடுத்தார். பூசணிப் பிஞ்சு அளவு இருந்தது. நன்றாகச் சூடாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"இது உள்ள கெடந்தா நாளைக்கு மறுபடியும் வெலை ஏறிரும்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். "நீங்க கொண்டு போயிருங்க."

கார் போன பிறகு, நான் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினேன். இருவர் உட்காரும் சீட்டு ஒன்று காலியாக இருந்தது. உட்காரப் போனேன். சண்டை கையிலிருந்து நழுவி எனக்கு முன்னால் போய் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"உக்கடம் ஒண்ணு" என்றேன்.

"அதுக்கு எத்தனை வயசுங்க?"

"அறுபது தாண்டிருச்சுங்க. ஆனா வளரலை."

அவர் அதற்கு ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.