1880ஆம் ஆண்டுக் கமரா

மரபுரிமைக் கழகத்தின் தலைவர் உதயரூபன் அந்த மடிப்புக் கமராவை ஆரையம்பதி நூலகத்துக்குக் கொண்டுவந்தபோது, நூலகர் கிருஷாந்தினி கமராவைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த துவாயைத்தான் பார்த்தாள். ஈரத் துவாய். இத்தனை காலம் தப்பிப் பிழைத்த பொருளை ஈரத் துவாயில் சுற்றுகிறவர்தான் மட்டக்களப்பின் மரபைக் காக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

உதயரூபன் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். ஓட்டமாவடியில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் மஜீட்டிடம் அதை வாங்கியிருந்தார். 1880இல் இங்கே இருந்த வெள்ளைக்கார அரசாங்க ஏசண்டுத் துரை பாவித்த கமரா அது என்றார். மஜீட் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் வருகிற வழியில் உதயரூபனே அதை முடிவுசெய்திருந்தார். அடுத்த மாதம் கழகம் நடத்தும் கண்காட்சியில், கொழும்பிலிருந்து வரும் பிரதம விருந்தினர் இதே கமராவால் ஒரு படம் எடுப்பார் என்பது அவருடைய திட்டம்.

"பிலிமும் தகவலும் நீங்கதான் தேடித் தரணும் தங்கச்சி. உங்களிட்ட இன்டர்நெட் இரிக்கே" என்றார்.

கழகத்துக்காரரை அவளுக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். பத்திரிகையில் தங்கள் படம் வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள். புத்தக அலுமாரிப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவர்கள். ஆனாலும் அவர் போன பிறகு அவள் கமராவைத் திறந்தாள். முன்மூடியை இழுத்ததும் கறுப்புத் தோல் மடிப்புகள் விரிந்து வில்லை வெளியே வந்து நின்றது. பின்மூடியின் உள்ளே பொடி எழுத்தில், 620ஆம் இலக்கச் சுருள் மட்டுமே பாவிக்கவும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. தேடிப் பார்த்தாள். அந்த இலக்கச் சுருள் உலகத்துக்கு வந்ததே 1930களின் தொடக்கத்தில். அதற்கு ஐம்பது வருடம் முந்திய துரை அதை எப்படிப் பாவித்திருப்பார்?

இதை ஒரு தாளில் எழுதி உதயரூபனிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இதெல்லாம் சனத்துக்கு விளங்காது என்றார். பிலிம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

620ஆம் இலக்கச் சுருளை இப்போது யாரும் செய்வதில்லை. ஏறாவூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஸியாம்தான் வழி சொன்னான். கடவுச்சீட்டுப் படமும் கலியாணப் படமும் எடுத்துப் பிழைக்கிறவன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற மனிதன். 120ஆம் இலக்கச் சுருள் இன்னும் விற்பனையில் இருக்கிறது, பிலிம் இரண்டுக்கும் ஒன்றுதான், சுற்றியிருக்கும் உருளையின் விளிம்புதான் பெரிது, அதை வெட்டித் தேய்த்தால் கமராவுக்குள் இறங்கும் என்றான். ஸ்டூடியோவின் உடைமாற்றும் அறையை இருட்டாக்கி, தோல் மடிப்புக்குள் டோர்ச்சைப் பிடித்துக் காட்டினான். மூலைகளில் இரண்டு ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. அவற்றைக் கறுப்புப் பூச்சால் அடைத்தான். கொழும்பிலிருந்து இரண்டு சுருளும் எடுப்பித்துக் கொடுத்தான். கிருஷாந்தினி நகவெட்டியால் விளிம்பை வெட்டி, அரத்தாளில் தேய்த்து, நூலகக் களஞ்சிய அறையில் வைத்து ஒரு சுருளைப் பூட்டினாள். பின்மூடியைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று உதயரூபனிடம் மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் அவர் ஓம் என்றார்.

கண்காட்சி நாளில் கமராவுக்கு முன்னால் ஒரு அட்டை இருந்தது. 1880 என்று தங்கநிறத்தில். மண்டப வாசலில், காலை பத்து மணி வெயிலில், உதயரூபன் கமராவைக் கையில் எடுத்தார்.

"உள்ளுக்கு மெய்யான பிலிமே போட்டிரிக்கு சேர்" என்று விருந்தினரிடம் சொல்லிக்கொண்டே பின்மூடியைத் திறந்தார். ஒரு முழம் பிலிமை வெளியே இழுத்துக் காட்டினார். விருந்தினர் அதைத் தொட்டுப் பார்த்தார். கழகத்துக்காரர் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பிறகு உதயரூபன் அதைச் சப்பாத்து நாடாவைத் திணிப்பதுபோல உள்ளே திணித்து மூடினார். விருந்தினர் வில்லையை யாரையும் நோக்காமல் பிடித்து விசையை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கிருஷாந்தினிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கவனமாக வைக்கச் சொல்லிக் கமராவை அவளிடமே கொடுத்தார்கள். அவள் மண்டபத்தின் ஓரத்தில், முன்வரிசை தெரியும்படி உட்கார்ந்தாள். எட்டுப் படத்துக்கான சுருள் அது; இறுக்கிச் சுற்றியதில் உள்சுற்றுக்கு வெயில் பட்டிருக்காது. சேலைத் தலைப்பின் மறைவில் பின்மூடியைத் திறந்து கசங்கியதை மெல்ல நேராக்கி, மூடி, பின்பக்கத்துச் சிவப்புத் துவாரத்தில் ஆறு என்ற இலக்கம் தெரியும்வரை முறுக்கினாள். விருந்தினரின் பேச்சு முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தது. கமராவை முன்கதிரையின் முதுகில் ஊன்றி, விசையைத் திறந்து, மூன்று வரை எண்ணி மூடினாள். அடுத்த இலக்கத்துக்கு முறுக்கி முறுக்கி இன்னும் இரண்டு தரம் அப்படியே செய்தாள்.

அடுத்த நாள் கழகத்தின் முகநூல் பக்கத்தில் மங்கிய மண்ணிறத்தில் ஒரு படம் வந்தது. நூற்று நாற்பது வருடப் பழைமையான கமராவில் பிரதம விருந்தினர் எடுத்த அரிய படம் என்று எழுதியிருந்தார்கள். அது செயலாளர் சதீசன் தன் தொலைபேசியில் எடுத்தது. அந்தப் படத்தின் நடுவில் விருந்தினரே நின்றார். அவர் கையிலே அந்தக் கமரா இருந்தது. எண்ணூறு பேருக்குப் பிடித்திருந்தது. ஒருவர்கூட, கையில் இருக்கும் கமரா தன்னைத்தானே எப்படி எடுத்தது என்று கேட்கவில்லை. அவள் உதயரூபனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். யார் அவ்வளவு உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்றார் அவர். அது மட்டும் சரியான தகவல் என்று அவளுக்குப் பட்டது.

கமராவைக் கழகத்திடம் திருப்பிக் கொடுக்குமுன் அவள் கழற்றி எடுத்த சுருளை ஸியாம் கழுவினான். முதல் ஐந்தும் வெயிலில் வெந்து கரிந்திருந்தன. கடைசி மூன்றில் ஒன்று ஓரம் மட்டும் எரிந்து துலக்கமாக விழுந்திருந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசிய விருந்தினர் வெறும் புகையாகத் தெரிந்தார். முன்வரிசையில் நித்திரை கொண்டவர்கள் அசையவில்லை. ஆகவே அச்சாக விழுந்திருந்தார்கள். நடுவில் உதயரூபன். வாய் பிளந்திருந்தது. கடைவாய்ப் பல் அடைத்திருந்ததுகூடத் தெரிந்தது.

ஸியாம் வெகுநேரம் பார்த்தான். "வில்லை நல்ல வில்லைதான் அக்கா" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிதாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தான்.

அவள் அதை நூலக அறிவிப்புப் பலகையில் குத்தினாள். கீழே கமராவின் உண்மையான காலத்தையும் சுருளின் இலக்கத்தையும் எழுதினாள். வந்தவர்கள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். மூன்றாம் நாள் உதயரூபன் வந்தார். அவள் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டாள். என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போய் நின்றார். எழுதியிருந்ததை வாசிக்கவில்லை.

"கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திரிக்கன்" என்றார் மெதுவாக. "நல்லா வந்திரிக்கு தங்கச்சி. எனக்கும் ஒண்டு வேணும், வீட்டுல மாட்டணும். இதையும் அந்தக் கமராவில எடுத்ததெண்டே போடுவம்."

கிருஷாந்தினி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளமும் இல்லை, காயமும் இல்லை. சொல்லிப் பார்த்து வைத்திருந்த சொற்கள் போய்ப் படுவதற்கு இந்த முகத்தில் இடமே இல்லை.

"தாறன்" என்றாள். "கமராவைக் கொஞ்ச நாளைக்கு எனக்குத் தாங்க."

இனி அது என்னத்துக்கு, கழகத்து அலுமாரியில் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அன்று பின்னேரமே அவள் போய் எடுத்தாள். அது மறுபடியும் அதே துவாயில் சுற்றியிருந்தது. துவாயை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, கமராவைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வாவிக் கரையில் உட்கார்ந்து இரண்டாவது சுருளின் விளிம்பை வெட்டினாள். கமராவைத் திருப்பிக் கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை.