ஒரே நாளில் இரண்டு ஸ்கேன்

ஆத்தூர் வெற்றிலை வியாபாரி செந்தூர்பாண்டி ஒரு சொட்டு சாராயம் தொட்டவரல்ல. ஆனாலும் நான்கு மாதத்துக்கு முன் கடையில் ரத்த வாந்தி எடுத்து, கல்லீரல் சுருங்கிவிட்டது என்று தெரிந்ததும், "அண்ணாச்சியுமா குடிச்சாரு?" என்று பாதி ஊர் கேட்டது. ஹெபடைடிஸ் கிருமி செய்த வேலை அது என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கல்லீரல் டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்திருந்தார். ஒன்று கிருமிக்கு. இன்னொன்று, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி ரத்த வாந்தி வராமல் காக்க. அது வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் மனைவி சந்தனச்செல்வியோடு தூத்துக்குடி ஸ்கேன் சென்டருக்கு வெறும் வயிற்றோடு வந்திருந்தார்.

ஸ்கேன் டாக்டர் ஜெனிலா அவர் வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை ஓட்டினார். இயந்திரத்திலிருந்து ரத்தம் ஓடும் சத்தம் உஸ்ஸென்று கேட்டது. திரையைப் பார்த்தார், பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"மாத்திரை ஆரம்பிக்கதுக்கு முன்னால ரத்தத்தோட வேகம் செகண்டுக்குப் பதினஞ்சு சென்டிமீட்டர். இன்னைக்கும் பதினஞ்சு. மாத்திரை வேலை செஞ்சா குறைஞ்சிருக்கணும். நாடி எண்பத்தெட்டு. அண்ணாச்சி, மாத்திரை ஒழுங்கா போடுதீங்களா?"

"பல்லு தேய்க்க மறந்தாலும் மறப்பேன், மாத்திரைய மறக்க மாட்டேன். இவதான் தினமும் உரிச்சுக் கையில தாரா. கேளுங்க."

"உள்ள போயிருந்தா நாடி இம்புட்டு இருக்காதே!"

சந்தனச்செல்வி சேலை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, இவிய மேல தப்பில்ல. நாந்தான் மாத்திட்டேன்."

செந்தூர்பாண்டி வயிற்று ஜெல்லோடு எழுந்து உட்கார்ந்தார். "என்னத்தளா மாத்துன?"

"ரெண்டாவது வாரம் கடையில உக்காந்தவாக்குல தூங்கி விழுந்தாவ. பக்கத்து வீட்டு பிரஷர் மிஷின்ல பாத்தா நாடி அம்பத்தெட்டு. நெஞ்சு நின்னுபோயிருமோன்னு பயந்துட்டேன். அதே மாதிரி வெள்ளையா ஒரு சத்து மாத்திரை இருந்துச்சு. அதைத்தான் குடுத்துட்டு வாரேன்."

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். ஜெனிலாவுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, அம்பத்தெட்டுதான் எங்களுக்கு வேணும். நாடி குறைஞ்சா குழாய்ல அழுத்தமும் குறையும். தூக்கம் வந்தா எங்ககிட்ட சொல்லணும். நீங்களே டாக்டராயிட்டா நான் எங்க போக?"

கல்லீரல் மருத்துவருக்கு அங்கேயே போன் செய்து பேசினார். அவர் சம்மதித்ததும் உண்மையான மாத்திரையைச் செந்தூர்பாண்டிக்குக் கொடுத்து, "ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா வேகம் மாறிரும்" என்றார்.

இரண்டு மணி நேரமும் செந்தூர்பாண்டி மனைவியை விடவில்லை. "முப்பது வருசமா என்னையத்தான் கள்ளன்னு சொல்லுவா. இன்னைக்குப் பாத்தியளா, யாரு கள்ளி?" என்று காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார். எதிரே இருந்த பெரியவர் சிரித்துச் சிரித்து இருமினார். கடைசியில் சந்தனச்செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது ஸ்கேனுக்கு ஜெனிலா அவளையும் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்த எண்ணைப் பாருங்க."

"பன்னெண்டு," என்று அவள் மெல்லப் படித்தாள்.

"நாடி அறுபத்திரண்டு. அண்ணாச்சி, மயக்கமா இருக்கா?"

"மயக்கமா? பசியில காது அடைக்கு. இட்லி எங்கன கிடைக்கும், அதைச் சொல்லுங்க!"

கீழே ஓட்டலில் அவர் ஆறு இட்லி சாப்பிட்டார். அவருக்கு உப்பு ஆகாதென்று சந்தனச்செல்வி சாம்பார் வாளியைத் தடுத்து, உப்பில்லாச் சட்டினி கேட்டுச் சப்ளையரைத் திணறடித்தாள்.

மூன்று மாதம் கழித்து வந்தபோதும் வேகம் பன்னிரண்டிலேயே நின்றது. எண்டோஸ்கோப்பியில், உணவுக்குழாயில் முன்பு ரத்தம் கசிந்த நாளங்களின் வீக்கமும் குறைந்திருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு செந்தூர்பாண்டி வெளியே வந்தார். சந்தனச்செல்வியைக் காணோம். வரிசையின் கடைசியில், கணவனின் மாத்திரை அட்டையைப் பிடித்தபடி கலங்கிப்போயிருந்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதளா," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாடி குறையத்தான் செய்யும். சந்தேகம்னா உள்ள போயி கேளு. நீயா ஒண்ணும் செஞ்சுராத. நான் செஞ்சுட்டு முழிச்ச முழி எனக்குத்தான் தெரியும்."